நமக்குச் சாதகமான பொய்

(கே.கே. நகர் பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற இளைஞர் நிகழ்ச்சியில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

அரசியலிலும் போரிலும் விளம்பரத்திலும் பொய்ப் பிரச்சாரம் எவ்வாறு நடக்கிறது, அதை எவ்வாறு இனங்காண்பது என்று பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும் பொய்களை வரிசைப்படுத்தி, அவர்களைச் சாடி, நீங்கள் தக்பீர் முழங்க உரையை முடித்துக்கொள்வது எளிது. அதனால் யாருக்கும் பயன் இல்லை. ஆகவே நாம் ஏமாந்த கதையிலிருந்தே தொடங்குகிறோம். மூத்தவர்களில் பலருக்கு அது நினைவிருக்கும்.

சிரியாவில் போர் கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம். நம் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு மண்ணறைகள், இரண்டுக்கும் நடுவே போர்வையைப் போர்த்தியபடி உறங்கும் ஒரு சிறுவன். தாயையும் தந்தையையும் குண்டுவீச்சில் பறிகொடுத்த சிரியாச் சிறுவன், இரவில் அவர்களுடைய கப்றுகளுக்கிடையே வந்து உறங்குகிறான் என்று அதன் கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த வாரம் ஜும்ஆ பயானில் அந்தச் சிறுவனைப் பற்றியே பேசினோம். நாமும் அழுதோம், நீங்களும் அழுதீர்கள். தொழுகை முடிந்ததும் வாசலில் துண்டு விரிக்கப்பட்டது. அதற்கு முன் எந்த வசூலிலும் சேராத தொகை அன்று சேர்ந்தது. கையில் கிடந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தனுப்பிய ஒரு தாயையும் நாம் அறிவோம்.

அன்று அஸருக்குப் பின் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி தயங்கித் தயங்கி நம் அறைக்கு வந்தார். கைப்பேசியை நீட்டி, "ஹஜ்ரத், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அந்தப் படம் சிரியாவில் எடுக்கப்பட்டதே அன்று. சவூதியைச் சேர்ந்த அப்துல் அஜீஸ் அல்உதைபி என்னும் புகைப்படக் கலைஞர் தம் கலைப்படைப்பாக எடுத்த படம் அது. உறங்குவது அவருடைய உறவுக்காரச் சிறுவன். மண்ணறைகள் போல் தெரிபவை அவரே கற்களைக் குவித்து அமைத்தவை. 2014 ஜனவரியில் அந்தப் படம் சிரியாவின் பெயரால் உலகெங்கும் பரவியபோது, அவரே முன்வந்து உண்மையைச் சொல்லி, சிறுவன் சிரித்துக்கொண்டு நிற்கும் வேறொரு படத்தையும் வெளியிட்டிருக்கிறார். நமக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது, அவர் விளக்கம் கொடுத்து வெகுகாலம் கழித்து!

படத்தை எடுத்தவர் பொய் சொல்லவில்லை. படமும் பொய் சொல்லவில்லை. அதன் கீழே யாரோ எழுதிய இரண்டு வரிகளே பொய் சொல்லின. இளைஞர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். படத்தை வெட்டி ஒட்டிப் போலியாக்குவதைவிட, உண்மையான படத்துக்கு வேறு ஊரையும் வேறு தேதியையும் சூட்டுவது மிக எளிது. கண்ணால் கண்டோம் என்று நாம் சத்தியம் செய்வோம். ஆனால் கண் கண்டது படத்தைத்தானே, ஊரை அன்றே!

அன்றிரவு நிர்வாகிகளோடு அமர்ந்து பேசினோம். அடுத்த ஜும்ஆவில் தவற்றை அறிவிக்க வேண்டும் என்றோம். ஒரு பெரியவர் மறுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. "அந்தப் பையன் பொய்யா இருக்கலாம். சிரியாவுல அனாதையான பிள்ளைங்க பொய்யா? காசு நல்ல காரியத்துக்குத்தானே போகுது? இப்பப் போய்ச் சொன்னா இனிமே எவன் கொடுப்பான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் முழுமையான விடை இல்லை. பின்னர் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

மதரஸாவில் ஓதிய எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மர்வ் நகரில் நூஹ் இப்னு அபீ மர்யம் என்றொருவர் காழியாக இருந்தார். பல கலைகளையும் கற்றவர் என்பதால் 'ஜாமிஉ' என்ற பட்டம் பெற்றவர். குர்ஆனின் ஒவ்வொரு அத்தியாயத்தை ஓதினாலும் இன்ன சிறப்பு, இன்ன நன்மை என்று ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர் என்று ஹதீஸ் கலை நூல்கள் இவரைக் குறிப்பிடுகின்றன. ஏன் செய்தார்? மக்கள் சட்ட நூல்களிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனை மறந்துவிட்டார்கள், அவர்களைத் திருப்பிக் கொண்டுவரவே அவ்வாறு செய்தேன் என்று காரணம் சொன்னாராம். நோக்கம் எவ்வளவு நல்லது பாருங்கள்! ஆயினும் இமாம்கள் அவரை மன்னிக்கவில்லை. பொய்யர்களின் பட்டியலில் பெயரை எழுதி வைத்தார்கள். இட்டுக்கட்டுகிறவர்களிலேயே மிகுந்த தீங்கு விளைவிப்பவர்கள் பக்திமான்களாக அறியப்பட்டோர்தாம் என்று இப்னு ஸலாஹ் (ரஹ்) போன்றவர்கள் எழுதினார்கள். குடிகாரன் சொல்லும் ஹதீஸை யார் நம்பப் போகிறார்கள்? தாடியும் தலைப்பாகையுமாய் ஒருவர் சொன்னால், விசாரிக்காமல் நம்புவோம். ஸனது எங்கே, அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று நம் முன்னோர்கள் ஓர் அறிவுத் துறையையே எழுப்பியதற்கு, பகைவர்களின் பொய்யோடு நம்மவர்களின் நல்லெண்ணப் பொய்யும் காரணம். ஆண்டுக்கணக்கில் அந்தக் கலையை ஓதிய நாம், கைப்பேசியில் வந்த படத்துக்கு மட்டும் ஸனது கேட்கவில்லை.

இனிப் போர்க்களத்திற்கு வருவோம். முதல் உலகப்போரில் 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததை எல்லோரும் அறிவீர்கள். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோம். அதே ஜெர்மனி, அதே போரில், பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் ஒரு பள்ளிவாசலைக் கட்டியது. 1915 ஜூலையில் திறக்கப்பட்ட அது மரத்தால் ஆனது. குவிமாடமும் மினாராவும் உடையது. ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென எழுப்பப்பட்ட முதல் பள்ளிவாசல் அதுவே என்கிறார்கள். யாருக்காகக் கட்டினார்கள்? பிரிட்டன், பிரான்ஸ் படைகளிலிருந்து சிறைபிடித்த முஸ்லிம் வீரர்களுக்காக. 'பிறை முகாம்' என்று அதற்குப் பெயர். நம் இந்திய வீரர்களும் அங்கே இருந்தார்கள். தொழ வசதி, நோன்பு நோற்க வசதி, படிக்க 'அல்ஜிஹாத்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை!

இஸ்லாத்தின் மீது கொண்ட அன்பினால் அவர்கள் இதைச் செய்யவில்லை. 1914 நவம்பரில் துருக்கி சுல்தான் ஜிஹாத் அறிவிப்பு வெளியிட்டார். அவருடைய கூட்டாளியான ஜெர்மனிக்கு, இந்தக் கைதிகளைப் பிரிட்டனுக்கு எதிராகத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். பிரிட்டிஷார் மட்டும் சும்மா இருந்தார்களா? ஹிஜாஸின் புனிதத் தலங்களைத் தாக்கமாட்டோம் என்று இந்திய முஸ்லிம்களுக்கு அறிவிப்பு வெளியிட்டார்கள். தங்கள் பக்கம் பேசச் செல்வாக்குள்ள பிரமுகர்களையும் பிடித்தார்கள். இரு தரப்பும் நம் கலிமாவைக் கையிலெடுத்துக்கொண்டே நம்மை அழைத்தன. எதிர்பார்த்த அளவுக்குக் கைதிகள் அணி மாறவில்லை. போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே அந்தப் பள்ளிவாசலும் இடித்து அகற்றப்பட்டது. கட்டியவர்களுக்கு அதன் தேவை முடிந்துவிட்டது! நம்மைப் புகழ்ந்து, நம் மார்க்கத்தைப் போற்றி ஒருவர் பேசத் தொடங்கும்போது, அவருக்கு நம்மிடம் என்ன வேலை இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க இந்தப் பள்ளிவாசல் நமக்குப் போதும்.

அதே போரில் 1917 ஏப்ரலில் லண்டன் பத்திரிகைகள் ஒரு செய்தி வெளியிட்டன. இறந்த வீரர்களின் உடல்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கும் தொழிற்சாலையை ஜெர்மானியர்கள் நடத்துகிறார்கள் என்பதே செய்தி. உலகமே அருவருத்தது. 1925 இல், அதற்கு ஆதாரமில்லை என்பதைப் பிரிட்டிஷ் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கதை அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் யூதர்களை இலட்சக்கணக்கில் கொன்று குவிக்கிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தபோது, "இதுவும் பழைய பிணத் தொழிற்சாலைக் கதைதானோ" என்று பலர் ஐயுற்றார்கள். இம்முறை செய்தி உண்மை! ஆனால் நம்ப வேண்டிய நேரத்தில் நம்பும் மனம் தேய்ந்து போயிருந்தது.

1990 இல் இன்னொன்று. ஈராக் குவைத்தைப் பிடித்தபின், அக்டோபர் 10 அன்று, நயீரா என்ற 15 வயதுப் பெண் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன் கண்ணீருடன் பேசினார். ஈராக்கியச் சிப்பாய்கள் மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளை இன்குபேட்டர் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைத் தாம் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அதிபர் புஷ் அதைத் தம் உரைகளில் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார். போர் முடிந்தபின், 1992 இல் தெரியவந்தது: அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். அந்த ஏற்பாட்டின் பின்னணியில் இருந்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அதற்குக் கூலி கொடுத்த அமைப்பின் பணம் பெரும்பாலும் குவைத் அரசின் பணம். முதலில் அந்தச் செய்தியை ஏற்ற ஆம்னஸ்டி அமைப்பு, பின்னர் ஆதாரம் இல்லை என்று பின்வாங்கியது.

குவைத் மக்கள் மீது ஈராக் படை இழைத்த கொடுமைகள் உண்மை. கொலைகளும் சித்திரவதைகளும் நடந்தன. உண்மையான கொடுமைகள் அத்தனை இருக்க, ஏன் ஒரு கதையைச் சோடித்தார்கள்? உண்மை போதவில்லை என்று நினைத்தார்கள். இன்று குவைத் போரைப் பற்றிப் பேசும் பலருக்கு நினைவில் நிற்பது உண்மையில் கொல்லப்பட்ட குவைத்தியர் அல்லர், பொய்யான இன்குபேட்டர்தான்! பெரியவரின் கேள்விக்கு இதுவே விடை என்று நினைக்கிறோம். சிரியாவின் அனாதைகள் உண்மை. ஆகவேதான் அவர்கள் பெயரால் பொய்ப் படம் கூடாது.

சோப்பையும் பற்பசையையும் விற்கக் கற்ற தந்திரத்தால் ஒரு போரையே விற்க முடியும் என்றால், அது நம் சேமிப்பைப் பறிப்பது பெரிய காரியமா? 2012 இல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை மோசடியை அறிவீர்கள். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப விளம்பரம். மாடு வளர்த்தவருக்கு மாட்டைப் பற்றித் தெரியும். ஈமுவைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? தெரியாத பொருள் என்பதே அதன் கவர்ச்சி. நம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் விவகாரத்தில், தங்கச் சேமிப்புத் திட்டம் என்ற பெயரில் மக்களிடம் 100 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அமலாக்கத்துறை 2023 நவம்பரில் தெரிவித்தது. விளம்பரத்தில் தெரிந்த முகம் ஒரு பிரபல நடிகருடையது. நடிகருக்குத் தங்கத்தின் மதிப்புத் தெரியுமா, கடையின் கணக்குத் தெரியுமா என்று நாம் கேட்பதில்லை. திரையில் நல்லவராகக் கண்ட முகம், கடைக்கும் ஜாமீன் நிற்கிறது.

ஆனால் நடிகர்களை மட்டும் குறைசொல்லிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்றொரு நிறுவனம் 2006 இல் தொடங்கப்பட்டது. வட்டி இல்லை, 'ஹலால் முதலீடு', மாதந்தோறும் 'இலாபம்' என்றார்கள். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் நிகாஹுக்கு வைத்திருந்த பணம், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம். 2019 ஜூனில் அதன் உரிமையாளர் துபாய்க்குப் பறந்துவிட்டார். ஜூலையில் திரும்பி வந்து கைதானார். அங்கே நடிகர் தேவைப்படவில்லை. சில மௌலவிகளின் நற்சான்று போதுமானதாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வியாபாரம் என்றால் ஏற்றமும் இறக்கமும் உண்டு. எந்த மாதமும் இறங்காத இலாபத்திற்கு 'ஹலால்' என்று பெயர் சூட்டினால் மட்டும் அதன் குணம் மாறிவிடுமா? பெயரை மாற்றுவதுதான் பிரச்சாரத்தின் பழைய வித்தை. போரில் கொல்லப்பட்ட பொதுமக்களை 'பக்கச் சேதம்' என்று எழுதுவார்கள். விலையேற்றம் 'கட்டணச் சீரமைப்பு' ஆகும்.

அரசியலைப் பற்றி மிம்பரில் நின்று பேசுவது நம் வழக்கமன்று. எல்லாக் கட்சியினரும் இந்த ஸஃப்பில் நிற்கிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம். நம் ஜி கார்னர் மைதானத்தில் எல்லாக் கட்சிகளும் கூட்டம் போட்டிருக்கின்றன. மறுநாள் போஸ்டரில் தலைகளாலான கடல். எந்த ஊரிலிருந்து எத்தனை வேன் வந்தது, பிரியாணிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது போஸ்டரில் இராது. "எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், நீ மட்டும் ஏன் நிற்கிறாய்?" என்பதே அந்தப் படத்தின் பேச்சு. கூட்டம் இருந்தது மெய்; அது சொல்லும் பொருள்தான் விசாரணைக்குரியது.

2020 இல் நம்மீதே இந்த வித்தை பாய்ந்தது. டெல்லி நிஜாமுத்தீனில் தப்லீக் மர்க்கஸுக்குச் சென்று வந்தவர்களிடையே கொரோனா பரவியது உண்மை. அதை நாம் மறுக்கக் கூடாது. அந்த உண்மையோடு, வேண்டுமென்றே பரப்பினார்கள் என்ற பொய்யைச் சேர்த்துக் கட்டினார்கள். பழைய வீடியோக்கள் புதிய தேதியுடன் உலவின. தள்ளுவண்டியில் பழம் விற்ற ஏழையைத் தெருவுக்குள் வராதே என்று விரட்டிய ஊர்களும் இருந்தன. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும், ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் தீர்ப்பில் குறிப்பிட்டது. தீர்ப்பு வந்தது; பொய்யைப் பார்வேர்டு செய்தவர்கள் எத்தனை பேர் தீர்ப்பைப் பார்வேர்டு செய்தார்கள்?

அந்த வலி தெரிந்த நாமே 2023 மார்ச்சில் என்ன செய்தோம்? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடநாட்டில் வீடியோக்கள் பரவின. அவற்றுள் ஒன்று பீகார்க்காரர்களே இரு பிரிவாகத் தங்களுக்குள் சண்டையிட்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கிடையே நடந்தது என்று டி.ஜி.பி. சைலேந்திர பாபு அறிவித்தார். ஹோலிக்கு ஊர் போகும் கூட்டத்தைப் படம்பிடித்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அது அவர்கள் பரப்பிய பொய். நம் குழுவிலோ, அதே வாரத்தில், வடநாட்டவர்கள் வந்து நம் பிழைப்பையெல்லாம் பறித்துவிட்டார்கள், அத்தனை திருட்டும் அவர்களால்தான் என்று ஒரு செய்தி வந்தது. ஆதாரமாக ஒரு வரி இல்லை. பத்துக்கு மேற்பட்டோர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தினீர்கள். நம் கே.கே. நகரில் எழும்பும் கட்டடங்களில் கலவை சுமப்பவர்கள் அவர்கள். ஜும்ஆவில் நமக்குப் பின்னால் கடைசி ஸஃப்பில் சிமெண்ட் படிந்த காலோடு நின்று தொழுபவர்களும் அவர்களில் உண்டு. அந்த வாரம் அவர்களில் நான்கு பேர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோது, அறையை விட்டு வெளியே வரப் பயமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

செய்தி கொண்டுவருபவன் நம்பகமற்றவன் என்றால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6 ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஒரு கோத்திரம் ஜகாத் தர மறுத்துப் படைதிரட்டுகிறது என்று வந்த தவறான தகவலையொட்டி அது அருளப்பட்டதாக விரிவுரையாளர் பலர் எழுதுகின்றனர். விசாரிக்காதிருந்தால், குற்றமற்ற முஸ்லிம்கள் மீதே படை பாய்ந்திருக்கும். வசனம் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். நாம் ஏமாறுவோம் என்பதற்காக விசாரிக்கச் சொல்லவில்லை. அறியாமல் இன்னொரு கூட்டத்திற்குத் தீங்கு செய்துவிடுவோம் என்பதற்காகச் சொல்கிறது.

விசாரிக்க நமக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை. கோபத்தையோ அழுகையையோ உடனே கிளப்பும் செய்தி வந்தால், அடுத்த வக்தின் தொழுகை வரை அதை அப்படியே வைத்திருங்கள். "உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று அதிலேயே எழுதியிருந்தால், அவசரம் அவனுக்கா நமக்கா என்று கேளுங்கள். ஊர், தேதி, சொன்னவர் பெயர் மூன்றும் இல்லாததை அனுப்பாதீர்கள். படத்தைக் கூகுளில் போட்டு அதன் பழைய இடத்தைத் தேடும் வழியை அந்தத் தம்பி நமக்கும் கற்றுக்கொடுத்தார். வரும் ஞாயிறு மஃக்ரிபுக்குப் பின் உங்களுக்கும் கற்றுத் தருவார். மிகவும் கடினமானது ஒன்று உண்டு: நமக்குப் பிடிக்காத செய்தியை நாம் தாமாகவே துருவித் துருவிப் பார்க்கிறோம். பிடித்த செய்தியிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

இனி, அந்த வசூல் என்ன ஆனது என்று புதியவர்கள் கேட்பீர்கள். அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் ஏறி, சென்ற வாரம் நாம் சொன்னது தவறு, அந்தப் படம் சிரியாவைச் சேர்ந்ததன்று, பணம் கொடுத்தவர்கள் விரும்பினால் பொருளாளரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தோம். நம் நாக்கு அவ்வளவு கனத்தது அதற்கு முன் எப்போதும் இல்லை. பள்ளியில் சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேர் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அது அவர்கள் உரிமை. வளையல் கொடுத்த தாய், பையன் பொய்யென்றால் என்ன, வேறு ஏதோ ஒரு பிள்ளைக்குப் போகட்டும் என்று சொல்லியனுப்பினார். மீதித் தொகை அகதிகளுக்கான நிவாரணத்துக்கு, ரசீதுடன் அனுப்பப்பட்டது. அந்த ரசீது நோட்டீஸ் போர்டில் ஓராண்டு தொங்கியது. மறுத்துப் பேசிய பெரியவர்தான் அதை ஒட்டினார்.

அந்தத் தம்பிக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. இருந்தும் வியாழன் இரவுகளில் நம் பயான் குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். சென்ற மாதம், நமக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியை வைத்துப் பாதிப் பயானை எழுதி முடித்திருந்தோம். அவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், இதுவும் இல்லை" என்றார். இரண்டு பக்கங்களையும் கிழித்துப் போட்டோம். நல்ல பக்கங்கள், மனத்துக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.